நெற்றியில் விழுந்த முத்திரை

தெற்கேயிருந்து கரமனைப் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஓடு வேய்ந்த ஒரு வீடு வரும். வாசலுக்கு மேல் ஒரு பலகை. ‘கிராமோத்ஸவ வாத்திய பரிசோதனா நியந்த்ரண ஆபீஸ்’ என்று எழுத ஆரம்பித்த ஆள், பலகை போதாமல் கடைசி இரண்டு எழுத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தான். மழைக்கு அந்த இரண்டு எழுத்தும் கரைந்துபோகும். வருஷா வருஷம் அவற்றைத் திரும்ப எழுத டெண்டர் விடுவார்கள்.

எதிரே புளியமரத்தடியில் பெட்டி போட்டு மனு எழுதிப் பிழைத்தவன் நான். அந்த ஆபீஸைக் குறை சொல்ல எனக்கு நாக்கு கூசத்தான் வேண்டும். அதன் கோளாறுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் ஆயிரத்து நூற்றொன்பதாம் கொல்லவருஷம் பங்குனியில் அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த ஆபீஸ் உண்டான கதை. நெய்யாற்றின்கரைப் பக்கம் முகாம் போன ஒரு பெரிய அதிகாரி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தவில் அடித்துவிட்டார்கள். பாதியில் கலைந்த அந்தத் தூக்கத்துக்காக உண்டானதுதான் ஆபீஸ். கெஜட்டில் காரணம் வேறு மாதிரி அச்சானது. கிராம சங்கீதத்தைப் போஷிக்கவும் மேன்மைப்படுத்தவும் என்று போட்டிருந்தார்கள். இருபது பேருக்கு மேல் கூடுகிற இடத்தில் எந்த வாத்தியம் வாசித்தாலும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு மனு வேண்டும். மனுவுக்குப் பரிசோதனை உண்டு. பரிசோதனைக்குத் தனியாக ஒரு மனு உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், தோளில் தவிலோடு ஒரு ஆள் என் பெட்டி முன்னால் வந்து நின்றான். பாறசாலைக்கு அப்புறம் மாவிளை என்ற ஊர். பெயர் வேலாயுதன். நாற்பது வயசிருக்கும். கையில் போன வருஷம் நான் எழுதிக் கொடுத்த மனுவின் நகல்.

“அண்ணாச்சி, பரிச்சைக்கு இண்ணைக்கு வரச்சொல்லி கடலாசு வந்திட்டு. வாற செவ்வாய்க்கிழமை எங்க ஊருக் கொடை. லைசென்ஸ் கையில கிட்டுமா?”

“கிட்டும். எந்தச் செவ்வாய்க்கிழமைன்னுதான் அவங்க சொல்லல” என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன கணக்கு இது: “கேட்டியளா, எங்க ஊருக் கொடைக்குச் சுத்துப்பட்டு பதினேழு ஊருத் தலைவமாரும் வருவாவ. கைய பின்னால கெட்டிக்கிட்டு நிப்பாவ. நான் அடிக்க அடியில, படைப்புச் சோறு ஆறதுக்கு முன்ன அம்ம சாமியாடி மேல இறங்கணும். இறங்குனா எனக்க கையில வெத்தல வைப்பாவ. வெத்தல வச்ச ஊருக்கு வருஷம் முச்சூடும் நம்ம மேளம். சோறு ஆறிப்போச்சோ, வெத்தலைய மடியில கெட்டிக்கிட்டுப் போயிருவாவ. பின்னே அந்த வருஷம் எங்க அஞ்சு பேருக்க வீட்டுலயும் அடுப்பெரியாது.”

போன வருஷம் லைசென்ஸ் இல்லாததால் மேளமில்லாமலே கொடை நடந்ததாம். அம்மன் இறங்கவில்லை. நாகஸ்வரக்காரன் ராஜமணி ஒரு வருஷமாக மரச்சீனிக் கிழங்கு நடுகிறான். இந்த வருஷமும் தப்பினால் வேலாயுதனும் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே உள்ளே போனேன்.

வராந்தா பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் பதினோரு மாசமாக வருகிறார். உட்கார்ந்த இடத்தில் பெஞ்சு பளபளத்துவிட்டது. ஹெட்கிளார்க் சேஷன் மேஜையில் பாரத்தை விரித்து வேலாயுதனைக் கேட்க ஆரம்பித்தார்.

“விழாவில சாமி வருமோ?”

“வரும் எஜமானே.”

“எத்தனை மணிக்கு?”

“அது அம்மைக்க இஷ்டம்.”

“இஷ்டம்னு எழுதக் கோடு இல்லை ஓய். மணி, நிமிஷம். ரெண்டு கோடுதான் இருக்கு.”

“உச்சிக்கு.”

“பன்னிரண்டு, பூஜ்யம். வர்ற சாமியோட பேரு? தகப்பனார் பேரு?”

“மாவிளை அம்மை. தகப்பன் ஆருண்ணு ஒருத்தருக்கும் தெரியாது எஜமானே.”

சேஷன் பேனாவைத் தூக்கிப் பிடித்துச் சற்று யோசித்தார். ‘விசாரணையில் இருக்கிறது’ என்று எழுதினார். “முன்னே எப்பவாவது கோர்ட்டில தண்டனை உண்டோ? உமக்கில்லை, அம்மனுக்கு.”

“இல்ல” என்றான் வேலாயுதன். அவனுக்கு வியர்த்துவிட்டது.

பிறகு சூப்பிரண்டு அறை. சூப்பிரண்டு சாம்பசிவன் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ரூல் புஸ்தகத்தைத் தவிர வேறெதையும் அவர் நம்பியதில்லை, அவ்வளவுதான். பரிசோதனைக்கு முன்பு எல்லாருக்கும் ஒரு பிரசங்கம் செய்வார்.

“இந்த ஆபீஸ் சங்கீதத்தை வளர்க்கறதுக்காக ஏற்பட்டதாக்கும். ஏற்பட்டு மூணு வருஷத்தில எத்தனை பேரை வாசிக்கறதை நிறுத்தியிருக்கோம், தெரியுமோ? நூத்திப் பதினாலு பேர்! எனக்கு சங்கீத ஞானம் கிடையாது. தாளம்னா கையால போடறதா காலால போடறதான்னுகூடத் தெரியாது. அதனாலதான் என்கிட்டே பாரபட்சம் கிடையாது. மனஸ்ஸிலாச்சா?”

“ஆச்சு எஜமானே.”

“மூணு ஐட்டம். ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம். பியூன் தாசையன் மணி அடிச்சா நிறுத்திடணும். முதல் ஐட்டம், சாதா அடி. ரெண்டு, ஊர்வல அடி. மூணு, சாமியை வரவழைக்கிற அடி.”

வேலாயுதன் தவிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். “எஜமானே, மூணாவது மட்டும் இங்க வேண்டாம். அது கோயில்ல அடிக்கது. அடிச்சா அம்ம வந்திருவா.”

“வந்தா சேஷன்கிட்டே பேரைக் குடுத்துட்டு பெஞ்சில உக்காரச் சொல்லும்.”

“அதுக்கில்ல எஜமானே. வரவழைச்சா திருப்பி மலையேத்தணும். அதுக்கு வேற அடி உண்டு. இறக்கினவன்தான் ஏத்தணும். அதையும் நாலாவதா எழுதிக்கிடுங்க.”

சூப்பிரண்டு புஸ்தகத்தைப் புரட்டினார். “வரவழைக்கிறதுக்கு ரூல் இருக்கு. திருப்பி அனுப்பறதுக்கு இல்லை. நாலாவது ஐட்டம் கிடையாது. ஆரம்பியும்.”

முதல் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. பியூன் தாசையன் கடிகாரத்தைப் பார்த்து மணி அடிக்க, வேலாயுதன் பாதி அடியில் கையை நிறுத்தினான். மூன்றாவதற்கு முன் தவிலைத் தொட்டுக் கும்பிட்டான். இடக்கைக் கழி மெதுவாக ஆரம்பித்தது. வலக்கை விரல்கள் உள்ளே புகுந்தன. நாலாவது நிமிஷத்தில் மேஜைமேல் மைக்கூடு நடுங்கியது. எனக்கே முதுகில் ஏதோ ஊர்ந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

சரியாக ஐந்தாவது நிமிஷம் தாசையன் மணி அடித்தான். வேலாயுதன் நிறுத்தினான். அந்த நிமிஷம் நாற்காலி பின்னால் விழுந்தது. தலைப்பாகை ஒரு பக்கம் போயிற்று. சூப்பிரண்டு சாம்பசிவன் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார்.

“ஏலே!” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. “எனக்க பிள்ளையள எதுக்குலே வெளிய நிறுத்தி வச்சிருக்கிய?”

சேஷன் நடுங்கிப் போனார். “சார், இது ஆபீஸ் பாஷை இல்லையே சார்” என்றார்.

அதுதான் விஷயம். வலியசாலையில் பிறந்து வளர்ந்த மனுஷர், கரமனை ஆற்றுக்குத் தெற்கே கால் வைக்காதவர், மாவிளைப் பேச்சு பேசினார். வேலாயுதன் கன்னத்தில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தான். “எனக்க அம்மே! நான் சொன்னேனே, கேட்டாவளா?”

அம்மன் மேஜையிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு வந்தாள். வில்லுப்பாட்டுக்காரரைப் பார்த்து, “நீ எத்தர நாளா இருக்க மக்களே?” என்று கேட்டாள். அவர் பதினோரு மாசத்தையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதார். “போ. போயிப் பாடு” என்றாள். விபூதி பூசக் கை தேடியது. ஆபீஸில் விபூதி ஏது? கையில் அகப்பட்டது ரப்பர் முத்திரை. ஊதா மையில் ஒரு அழுத்து. அவர் நெற்றியில் ஒரு அழுத்து. வட்டத்துக்குள் ஆபீஸ் பெயர், நடுவே ‘அனுமதித்தது’, கீழே தேதி.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். கால் மணி நேரத்தில் எல்லாருக்கும் அனுமதி ஆகிவிட்டது. வேலாயுதன் நெற்றியில் நல்ல அழுத்தமாக விழுந்தது. “சார், ஸ்டாம்பை வெளியே எடுத்தா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும் சார்” என்று ஓடிவந்த சேஷனுக்கும் ஒன்று விழுந்தது.

வேலாயுதன் சேஷனிடம் கெஞ்சினான். “எஜமானே, இனியும் அம்மைய நிறுத்தப்பிடாது. ரெண்டு நிமிஷம் தாங்க, மலையேத்தி விட்டிருகேன்.”

“எப்படி ஓய் முடியும்? நாலாவது ஐட்டத்துக்குப் புது மனு வேணும். மனுவைச் சூப்பிரண்டு பாஸ் பண்ணணும். சூப்பிரண்டு இப்போ சூப்பிரண்டா இல்லை. நான் சார்ஜ் எடுக்கலாம்னா அவர் லீவு எழுதிக் குடுக்கணும். சாமி வந்தா அது கேஷுவல் லீவா மெடிக்கல் லீவான்னு புஸ்தகத்தில இல்லை.” நெற்றியைத் துடைத்துக்கொண்டே சேஷன் சொன்னார். “மேலாபீஸுக்கு எழுதிக் கேட்கறேன். பதில் வர்ற வரைக்கும் அம்மன் இருக்கட்டும்.”

வாசலுக்கு வந்த வேலாயுதன் என்னைப் பார்த்து, “கடலாசு கிட்டலியே அண்ணாச்சி, இனி என்ன செய்யது?” என்றான்.

மூன்று வருஷமாக அந்த ஆபீஸுக்கு மனு எழுதிய புத்தி எனக்கு அப்போது உதவியது. “ஏழாவது ரூலைச் சொல்றேன், கேளு. ‘ஆபீஸ் முத்திரை பதிந்த அனுமதியை மனுதாரர் எப்போதும் தன் வசம் வைத்திருக்க வேண்டும்.’ கடலாசுன்னு அதில ஒரு வார்த்தை இல்லை. முத்திரை பதிஞ்சிருக்கு. உன் வசந்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் முகம் கழுவாதே.”

அதற்கப்புறம் அவன் பட்ட பாட்டை அவன் மனைவி சொர்ணம்மாள் பிறகு எனக்குச் சொன்னாள். வெயில் படாமல் துண்டால் முக்காடு போட்டு ஊர் போய்ச் சேர்ந்தானாம். கொடைக்கு விரதம் இருக்கிறவன் தினமும் முழுக வேண்டும். குளத்தில் கழுத்து வரை இறங்கி, ஆமை மாதிரி தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றானாம். தூக்கத்தில் நெற்றியைத் தேய்த்துவிடுவான் என்று அவள் அவன் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிப் போட்டாளாம்.

ஊர்க் காவலுக்கு வருகிற கான்ஸ்டபிள் நேசையன் சனிக்கிழமையே வந்து பார்த்தார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போய் ஜெபம் சொல்கிற கிறிஸ்தவர். நெற்றியை மூன்று தடவை வாசித்தார்.

“எனக்கு உங்க அம்மையும் வேண்டாம், அய்யனும் வேண்டாம். எனக்கு முத்திரை வேணும். முத்திரை தெளிவா இருக்கு, தேதியும் இருக்கு. அடிக்கலாம். ஆனா ஒரு காரியம் கேட்டுக்க வேலாயுதா. இது அழிஞ்சா லைசென்ஸ் தீந்து. அழிஞ்ச பொறவு ஒரு அடி அடிச்சாலும் தவிலை நான் கொண்டு போவேன்.”

இந்தப் பக்கம் கரமனையில் அம்மன் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் சூப்பிரண்டு உடம்போடு ஆபீஸுக்கு வந்தாள். கட்டுக் கட்டாகப் பைலை அவிழ்த்து, ‘போ, போயி வாசி’ என்று ஒவ்வொன்றிலும் முத்திரை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸைத் திறக்க வைத்தாள். மூன்று வருஷத்துப் பைல் முந்நூற்றுப் பதினொன்று. திங்கட்கிழமை சாயங்காலம் அலமாரி காலி.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சேஷனும் சூப்பிரண்டின் மனைவி சீதாலக்ஷ்மியும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். சேஷன் நெற்றியில் புளி போட்டுத் தேய்த்த சிவப்பு இன்னும் போகவில்லை.

“அந்தத் தவில்காரன் ஊர் உமக்குத் தெரியுமாமே. எங்களை உடனே அழைச்சிண்டு போம்” என்றாள் அந்த அம்மாள். “நாலு நாளா ஆத்துல என்னாலே முடியலை. வெண்பொங்கல் வெச்சா இலையை நகத்திட்டு, ‘சேவல் எங்க?’ன்னு கேக்கறார். தெருவே கேக்கறது. பக்கத்தாத்து மாமி மூக்கில விரலை வெச்சிண்டு நிக்கறா. எனக்குத் தூக்குப் போட்டுக்கலாம் போல இருக்கு.”

நான் சேஷனைப் பார்த்தேன். “மேலாபீஸ் பதில் வந்துட்டுதா?”

“பதிலாவது ஒண்ணாவது! ஓய், உமக்கு விஷயம் தெரியலை. பைல் எல்லாம் தீர்ந்து போயிடுத்து. ஒரு பைல் பாக்கி இல்லை. நாளைக்கு மேலாபீஸ்லேருந்து வந்து பார்த்தா, ‘இங்கே ஜோலி இல்லையே’ன்னு ஆபீஸையே மூடிடுவா. எனக்கு ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம் இருக்கு.” அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ரூல் கிடக்கட்டும். அம்மன் இன்னிக்கே போயாகணும்.”

வண்டியில் அம்மன் அமைதியாக வந்தாள். தன் ஊர்க் கொடைக்குப் போகிறோம் என்று தெரியுமோ என்னவோ. நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றபோது மட்டும் ஒரு கோழியைக் கூர்ந்து பார்த்தாள். சீதாலக்ஷ்மி திரையை இழுத்து விட்டாள்.

நாங்கள் மாவிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டி அரைமணி நேரம். தவில் சத்தம் அரை மைலுக்கு முன்பே கேட்டது. கோயில் முற்றத்தைப் பார்த்ததும் காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

பங்குனி வெயில் கொளுத்தியது. நடுவில் வேலாயுதன் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சொர்ணம்மாள் பனையோலை விசிறியால் அவன் நெற்றியை விடாமல் விசிறினாள். நேசையன் ஒரு முழ தூரத்தில் நின்று, கண் இமைக்காமல் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை பாதி கரைந்து ஊதா நிறத்தில் மூக்கு வழியாக மீசைக்கு இறங்கியிருந்தது. சாமியாடி கோலப்பன் சிவப்புக் கச்சை கட்டி நின்றுகொண்டு கொட்டாவி விட்டான். அவன் மேல் எதுவும் இறங்கவில்லை. படைப்புச் சோற்றில் ஆவி நின்றுபோய் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. பதினேழு ஊர்த் தலைவர்களில் நாலைந்து பேர் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

வேலாயுதன் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. வியர்வையோ அழுகையோ, எனக்குத் தெரியவில்லை. அடியை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

“அம்ம வரமாட்டேங்கா அண்ணாச்சி” என்றான் என்னைப் பார்த்ததும். “எனக்க கையில குத்தமா, எனக்க முகத்துல குத்தமா, தெரியலியே.”

“உன் பேரில ஒரு குத்தமும் இல்லடா. அவ அங்கேருந்து போனாத்தானே இங்கே வருவா? நாலு நாளா ஆபீஸ்ல இருக்கா. இதோ கூட்டிட்டு வந்திருக்கோம், பார்.”

வண்டித் திரை விலகியது. கோட்டும் பஞ்சகச்சமுமாகச் சூப்பிரண்டு இறங்கி நேராக நடை முன்னால் போய் நின்றார். ஆறின சோற்றைத் தொட்டுப் பார்த்தார். “எனக்க சோத்த ஆற வச்சது எவம்லே?” என்றார். ஊர் முழுக்கத் தரையில் விழுந்தது. கோலப்பனும் விழுந்தான். நடையைக் கட்டின தலைவர்கள் ஓடிவந்தார்கள்.

வேலாயுதனுக்கு விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடியை மாற்றினான். மலையேற்றுகிற அடி. அதட்டலே இல்லாத அடி. பிறந்த வீட்டுக்கு வந்த மகளைச் சமாதானம் சொல்லி வண்டியேற்றுவது போல ஒரு அடி. ராஜமணியின் நாகஸ்வரம் பின்னால் சேர்ந்துகொண்டது. மரச்சீனி நட்ட கை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு நிமிஷம் என்றான் அல்லவா, இரண்டே நிமிஷம். சூப்பிரண்டு ஒரு பெருமூச்சு விட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சீதாலக்ஷ்மி ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். தவிலைப் பார்த்தார். தலைப்பாகையைத் தடவிச் சரிசெய்துகொண்டார்.

“சேஷா,” என்றார், பழைய குரலில். “என்ன இது? இருபது பேருக்கு மேலே இருக்கே. லைசென்ஸ் உண்டோ?”

அத்தனை பேரும் வேலாயுதன் நெற்றியைப் பார்த்தார்கள். அது சுத்தமாக இருந்தது. கண்ணைத் துடைத்த கை நெற்றியையும் துடைத்துவிட்டிருந்தது.

நேசையன் காலைச் சேர்த்து ஒரு சலாம் வைத்தார். “இப்பம் இல்ல எஜமானே. இத்திரி நேரம் முன்ன வர உண்டாயிருந்து.” சொல்லிக்கொண்டே தவிலின் வாரைப் பிடித்தார்.

நாலு நாள் கழுத்து வரை தண்ணீரில் நின்றவன். இந்த மனுஷருக்கு இவருடைய புத்தியையே திருப்பிக் கொடுத்தவன். வேலாயுதன் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. தவிலைத்தான் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். மிரட்ட அவனுக்குத் தெரியாது. உள்ளதைத்தான் கேட்டான்.

“எஜமானே, மலையேத்தத்தான் செய்திருக்கேன். இனித்தான் அம்மைய கோலப்பன் மேல வரவழைக்கணும். அண்ணைக்கு அடிச்ச அதே அடிதான். அண்ணைக்கும் எஜமான் பக்கத்துல இருந்திய, இண்ணைக்கும் பக்கத்துல இருக்கிய. அடிக்கட்டா? நிறுத்தட்டா?”

இடக்கைக் கழியால் ஒரு தட்டுத் தட்டினான். ஒரே ஒரு தட்டு.

சூப்பிரண்டின் இடது தோள் தானாகக் குலுங்கியது.

“குடுத்துத் தொலையுங்கோ!” என்று சீதாலக்ஷ்மி கத்தினாள். “லைசென்ஸ் உண்டு, உண்டு!” என்று சேஷன் அதைவிடப் பலமாகக் கத்தினார். அச்சடித்த பாரம் இல்லாமல் சேஷன் எங்கும் போகிறவர் இல்லை. நான் என் பேனாவை எடுத்தேன். மனு, பரிசோதனைக்கு மனு, அனுமதி, மூன்றையும் ஒரே மூச்சில் எழுதினேன். மாசக் கணக்கில் இழுக்கிற சூப்பிரண்டு கையெழுத்து ஒரு நிமிஷத்தில் விழுந்தது. நாலு நாளாக அவர் கோட்டுப் பையிலேயே கிடந்த முத்திரை மட்டும் அவசரத்தில் இரண்டு தடவை பதிந்தது. நேசையன் அதை வாசித்துப் பார்த்து, வாரை விட்டார். “ஏழாவது ரூல்படி தன் வசம் வச்சுக்க” என்று அவனுடைய மடியில் அவரே செருகினார்.

சூப்பிரண்டை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் புழுதி அடங்கிய பிறகுதான் வேலாயுதன் அடித்தான். அது அவனுடைய மரியாதை. எண்ணி எட்டு அடி. கோலப்பன் கொட்டாவியை மூடவில்லை. அதற்குள் அம்மன் இறங்கிவிட்டாள். சோறு ஆறினதைப் பற்றி எந்தத் தலைவரும் பேசவில்லை. கோட்டுப் போட்ட ஆபீசர் மேலேயே இறக்கினவனுக்குச் சோறு ஒரு அளவா என்று பதினேழு பேரும் வெற்றிலை வைத்தார்கள். சொர்ணம்மாள் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆபீஸை மூடவில்லை. நாலு நாளில் முந்நூற்றுப் பதினோரு பைல் எப்படித் தீர்ந்தது என்று விசாரிக்க மேலாபீஸ் உத்தரவிட்டது. அந்த விசாரணையில் அறுநூறு பைல் உண்டாயிற்று. சேஷன் பிழைத்துக்கொண்டார்.

மறு வருஷம் மாசி மாசமே, மனுப் போடுவதற்கு முன்பே, வேலாயுதன் பெயருக்கு லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது. கூடவே ஒரு உத்தரவு: மேற்படியானின் தவில் எக்காரணம் கொண்டும் கரமனைப் பாலத்தைத் தாண்டி ஆபீஸ் பக்கம் வரலாகாது.

இது மற்ற மேளக்காரர்கள் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? இப்போது லைசென்ஸ் வேண்டியவர்கள் என் புளியமரத்தடிக்கு வருவதில்லை. மாவிளைக்குப் போகிறார்கள். வேலாயுதனிடம் கேட்டு அந்தத் தவிலை இரவல் வாங்கி, பாலத்தின் தெற்கு முனையில், சூப்பிரண்டு அறை ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி வைக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் தாசையன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறான். இதுவரை ஒருவருக்கும் அந்தத் தவிலை உறையிலிருந்து எடுக்க வேண்டி வந்ததில்லை.